பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம்

என் கணவர் பெஞ்சமின் எடமலைப்பட்டி புதூரில் இருபத்திரண்டு வருஷம் கேபிள் தொழில் செய்தார். கடைசி ஏழு வருஷம் இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தார். சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனியின் லைசென்ஸில் நாங்கள் பிரான்சைஸ். அறுநூற்றுச் சொச்சம் வீடுகள். ஏணி, ஒயர், மொட்டை மாடி எல்லாம் அவர் பாடு. ஃபாரம், கடிதம், கம்ப்யூட்டர் என் பாடு. நான் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். அதனால் எங்கள் ஆபீசிலிருந்து போன எந்தக் கடிதத்திலும் பிழை இருக்காது என்று அவர் எல்லோரிடமும் சொல்வார்.

தொழில் ஆரம்பித்தபோது கம்பெனிக்காரர்கள் எங்களை ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டு ஒரு நாள் வகுப்பு நடத்தினார்கள். அதில் ஒருவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "உங்க லைன்ல எவன் என்ன செஞ்சாலும் அது உங்க குத்தமில்லை. ஆனா அது யாருன்னு அரசாங்கம் கேட்டா நீங்க சொல்லணும். தப்பா சொன்னா அது உங்க குத்தம்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெஞ்சமின் என் காதருகே குனிந்து, "பாவசங்கீர்த்தனம் கேக்கற சாமியாருக்கு நேர்மாறு. அவர் யார் பாவத்தையும் வெளியே சொல்லக் கூடாது" என்றார். நான் சிரித்துவிட்டேன்.

யாரென்று சொல்வதற்குத்தான் பதிவு. எங்களிடம் வெளியுலகத்துக்குத் தெரிகிற முகவரிகள் எட்டுதான் இருந்தன. எழுபது எண்பது வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். எந்த விநாடியில் எந்த வீடு எதைத் திறந்தது என்று ஆபீஸ் மூலையில் இருந்த பெட்டி ஒன்று தானாகக் குறித்துக்கொண்டே இருக்கும். நூற்றெண்பது நாள் வைத்திருக்கும். அதற்கு மேல் பழையது தானாக அழிந்துவிடும்.

புது இணைப்புக்கு ஃபாரம் எழுதும்போது ஒவ்வொருவரிடமும் நான் ஒன்று சொல்வேன். "வைஃபை பாஸ்வேர்டை யாருக்கு வேணா கொடுங்க. ஆனா நாளைக்கு ஒண்ணுன்னா இந்த ஃபாரத்துல இருக்கற பேருதான் முன்னால நிக்கும்." எல்லோரும் தலையாட்டுவார்கள். அன்று மாலையே பக்கத்து வீட்டுக்குப் பாஸ்வேர்டு போய்விடும்.

மார்ச் முதல் வாரத்தில் போலீசிடமிருந்து நோட்டீஸ் வந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கும் அமலராணி என்பவரின் முகத்தை வேறொரு பெண்ணின் உடம்போடு ஒட்டி, ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் சமூக வலைத்தளத்தில் அவர் பெயரிலேயே ஒரு பொய்க் கணக்கு தொடங்கி, படத்தைப் போட்டிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்கள் போன் வரைக்கும் போய்விட்டது. கணக்கு தொடங்கப்பட்டது எங்கள் முகவரிகளில் ஒன்றிலிருந்து. பிப்ரவரி பதினொன்று, 14.10.22. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் பெயர் வேண்டும்.

நான் பெட்டியைத் திறந்து தேடினேன். பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம் இருபத்திரண்டாவது விநாடியில் அந்த நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்த வீடு ஒன்றே ஒன்று. இணைப்பு அம்மாசி பெயரில் இருந்தது.

அம்மாசி உப்பிலியபுரத்துக்காரர். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கே ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருந்தார். மகன் ரஞ்சித் டிப்ளமோ முடித்திருந்தான். கைலாசபுரம் தொழிற்சாலையில் பயிற்சிக்கு எடுத்திருந்தார்கள், ஏப்ரலில் சேரவேண்டும். அந்தப் பரீட்சைக்குப் படிக்கத்தான் இணைப்பே வாங்கினார்கள்.

"அந்தப் பையனா?" என்றார் பெஞ்சமின். "நல்லாப் பார்த்தியா மேரி?"

"மூணு தடவை பார்த்துட்டேங்க."

"பார்த்தா அப்படித் தெரியலையே."

"யாரைப் பார்த்தாத்தான் தெரியுது?"

பதில் கடிதத்தை நான்தான் டைப் செய்தேன். 'பிற்பகல் 2 மணி 10 நிமிடம் 22 விநாடி' என்று சுத்தமாக, எழுத்திலும் எண்ணிலும். பதிவுகளுக்குப் பொறுப்பானவர் என்று சான்றிதழில் என் கையெழுத்து. பாக்கியமேரி பெஞ்சமின்.

ரஞ்சித்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு நாள் உள்ளே இருந்தான். ஜாமீனில் வந்தான். போனும் லேப்டாப்பும் பரிசோதனைக்குப் போயின. போலீஸ் சரிபார்ப்பில் வழக்கு இருந்ததால் பயிற்சியில் சேர்க்கவில்லை. அம்மாசி ஒரு நாள் எங்கள் ஆபீசுக்கு வந்து, மோடத்தை ஒரு மஞ்சள் பையில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"லைனை எடுத்துடுங்க. நாங்க கொடுக்கவேண்டியது ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"அவன் அந்த டீச்சரைப் பார்த்ததே இல்லையாம்மா. ஸ்ரீரங்கத்துல அந்த ஸ்கூல் எங்க இருக்குன்னே அவனுக்குத் தெரியாது."

அப்பா அப்படித்தான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். அதை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும்.

ஜூன் கடைசியில் வேறு ஊர் போலீசிடமிருந்து வேறொரு நோட்டீஸ் வந்தது, ஏதோ வங்கி மோசடி. அதில் நேரத்துக்கு இரண்டு கட்டங்கள் போட்டிருந்தார்கள். ஒன்றில் உலகப் பொது நேரம், இன்னொன்றில் இந்திய நேரம். இரண்டுக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். பெஞ்சமின் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பழைய நோட்டீசைக் கேட்டார். அதன் இணைப்பாக வந்திருந்த, அந்த வெளிநாட்டு நிறுவனம் அனுப்பிய தாளை எடுத்தார். 14.10.22 என்பதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தன. அது உலகப் பொது நேரம் என்று சொன்னது. நான் அதைப் பார்த்திருந்தேன். ஏதோ குறியீடு என்று விட்டுவிட்டேன். கேட்ட போலீஸ்காரர்களும் பார்க்கவில்லை.

அப்படியானால் நம் நேரம் இரவு ஏழு நாற்பது.

பெட்டியில் அந்த நேரத்தை அவரே அடித்தார். வந்தது ஒரே ஒரு வரி. பெஞ்சமின், இணைப்பு எண் நான்கு.

எங்கள் வீட்டு இணைப்பு எண் ஒன்று. ஆபீஸ் இரண்டு. மூன்று சோதனைக்கு. நான்கு என் தம்பி ஜூட் வீட்டில் ஓடியது. கேபிள்காரன் சொந்தக்காரர்களிடம் ஃபாரம் வாங்கமாட்டான். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். மச்சினனிடம் ஆதார் நகல் கேட்டால் என்ன நினைப்பான்? தன் பெயரிலேயே ஒன்றைப் போட்டு ஒயரை இழுத்துவிடுவான். அறுநூறு வீட்டுக்கு நான் ஒப்பித்த பாடத்தை என் தம்பி வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை.

ஜூட் ஸ்ரீரங்கத்தில் அதே பள்ளிக்கூடத்தில் அலுவலகக் கண்காணிப்பாளர். ஜனவரியில் ஒரு ஆசிரியை தன்மேல் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் மெமோ வந்ததாகவும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லியிருந்தான். பெயர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"திங்கக்கிழமை போய் எழுதிக் கொடுத்துடறேன்" என்றார் பெஞ்சமின். "நேரம் தப்பு, அந்தப் பையன் இல்லைன்னு."

"அப்ப யாருன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க. என் பேரு, என் மச்சினன் வீடுன்னு சொல்லணும். ஃபாரம் இல்லாம கொடுத்ததுக்கு கம்பெனி நம்மளைத் தூக்கிடும். தூக்கட்டும்."

"பெலிண்டாவுக்கு ஓலை வாசிக்கப் போறாங்க" என்றேன்.

பெலிண்டா ஜூட்டின் ஒரே மகள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரைச் சொல்லி, தடை இருந்தால் தெரிவியுங்கள் என்று வாசிப்பது எங்கள் வழக்கம். ஜூலை ஒன்பதில் முதல் ஓலை. ஆகஸ்ட் இரண்டில் கல்யாணம். ஜூட் வீட்டுக்குப் போலீஸ் போனால் அந்தக் கல்யாணம் நிற்கும்.

"மூணு ஓலை போகட்டும். தாலி ஏறட்டும். மறுநாளே நானே டைப் பண்ணித் தரேன்."

அவர் விரல் விட்டு எண்ணினார். பிப்ரவரி பதினொன்றின் பதிவு ஆகஸ்ட் பத்தாம் தேதி அழியும். கல்யாணத்துக்குப் பிறகு எட்டு நாள் இருந்தது.

"அந்தப் பையன் இன்னும் ஒரு மாசம் திருடன் மாதிரி நடக்கணும்" என்றார்.

"நாலு மாசம் நடந்துட்டான். வெளியிலதானே இருக்கான்."

இதைச் சொன்னது நான்தான். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அந்த வாரம் முழுக்க அம்மாசி வீட்டுத் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

இரண்டாவது ஓலை முடிந்த புதன்கிழமை ஆடிக்காற்றில் மதுரை ரோடு பக்கம் ஒயர் அறுந்தது. அவர் மூன்று மாடி ஏறி அதை இழுத்துக் கட்டியிருக்கிறார். இறங்கி வந்தவர் அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. ஐம்பத்தெட்டு வயது.

அடக்கத்துக்கு அம்மாசி வந்தார். ரஞ்சித்தும் வந்தான், கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டுப் போனான். ஜூட்தான் சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினான். அழுதான். உண்மையாகவே அழுதான்.

கல்யாணத்தை முப்பதாம் நாள் பூசைக்குப் பின்னால் தள்ளிவைத்தார்கள். ஆகஸ்ட் இருபத்து மூன்று. அதாவது பதிவு அழிந்து பதின்மூன்று நாள் கழித்து.

துக்கத்தில் தேதி மறந்துவிட்டது என்று எழுதிவிடலாம். யாரும் சந்தேகப்படமாட்டார்கள். மறக்கவில்லை. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி சாயங்காலம் ஆபீசைத் திறந்தேன். ஒரு பிரிண்ட் எடுத்தால் போதும், இல்லையென்றால் ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டால் போதும். யாருக்கும் உடனே கொடுக்கவேண்டியதில்லை. நாற்காலியில் அவருடைய துண்டு கிடந்தது. அதை மடித்து வைத்தேன். மேசையைத் துடைத்தேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாளும் போகவில்லை. அதற்கு மறுநாள் போனபோது பதிவு பிப்ரவரி பன்னிரண்டிலிருந்து தொடங்கியது.

கல்யாணம் நன்றாக நடந்தது.

பிரான்சைஸைக் கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்தது. ஏணியையும் ஒயரையும் அவரே எடுத்துக்கொண்டார். ரஞ்சித் ஒரு மொபைல் கடையில் வேலைக்குப் போனான், வழக்கு விஷயம் தெரிந்து நிறுத்திவிட்டார்கள். பிறகு உப்பிலியபுரத்துக்கே போய்விட்டான், வாய்தாவுக்கு மட்டும் பஸ் ஏறி வருவான். அவன் போனில் எதுவும் இல்லை என்று அறிக்கை வர ஒரு வருஷத்துக்கு மேலானது. படத்தை அழித்திருக்கலாம் அல்லவா என்று அதற்கும் போலீசிடம் ஒரு பதில் இருந்தது. வழக்கில் அவனுக்கு எதிராக மிச்சமிருந்தது என் கடிதம் ஒன்றுதான்.

சம்மன் வந்தது போன மாசம். பதிவுகளுக்குப் பொறுப்பானவர் என்ற முறையில் நான் அரசுத் தரப்பு சாட்சி. அந்தச் சான்றிதழில் இருப்பது என் கையெழுத்துதான் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் வேலை.

சாட்சி சொல்லவேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிறு ஜூட் வந்தான். கையில் ஒரு சீப்பு பழம்.

"அக்கா, சம்மன் வந்துச்சாமே."

"வந்துச்சு."

"என்ன சொல்லப்போற?"

"நேரம் தப்புன்னு சொல்லப்போறேன்."

அவன் எந்த நேரம் என்று கேட்கவில்லை. பழத்தை மேசைமேல் வைத்து, மறுபடி எடுத்து, ஜன்னல் ஓரம் வைத்தான்.

"சொல்லு. அந்தப் பையனும் பாவம்தான். அப்புறம் யாரு லைனுன்னு கேட்டா மச்சான் பேருன்னு சொல்லிடு. அது பொய்யில்லையே? பேப்பர்ல அப்படித்தானே இருந்துச்சு?"

"பேப்பர்ல அப்படித்தான் இருந்துச்சு."

"செத்தவங்க மேல கேஸ் நடத்தமாட்டாங்க அக்கா. அத்தோட முடிஞ்சுரும். பெலிண்டா முழுகாம இருக்கா, தெரியும்ல?"

"தெரியும்."

"எங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அந்தத் தெருவுக்கே தெரியும். யார் வேணா செஞ்சிருக்கலாம்."

"அதைக் கோர்ட்ல வந்து சொல்லு ஜூட்."

"நான் எதுக்கு வரணும்?"

நீ செய்தாயா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. நான் செய்யவில்லை என்று அவனும் சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, "மச்சான் இருந்தா என்னைக் காப்பாத்தியிருப்பாரு" என்றான். அவர் காப்பாற்றியிருக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். நான்தான் காப்பாற்றினேன்.

கோர்ட்டில் அரசு வக்கீல் கடிதத்தைக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க. ஆனா உள்ளே இருக்கற நேரம் தப்பு."

அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். ரஞ்சித்தின் வக்கீல் மன்சூர் இளம் வயசுக்காரர். என்னைக் குறுக்கு விசாரணை செய்ய ஏதோ எழுதி வைத்திருந்தவர், பேனாவை மூடிவிட்டார். இணைப்புத் தாளைக் கேட்டு வாங்கி, அந்த மூன்று எழுத்துகளை மாஜிஸ்திரேட்டிடம் காட்டினேன். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிச் சொன்னேன். அதற்கு எந்தப் பெட்டியும் தேவைப்படவில்லை. முதல் நாளிலிருந்து அந்தத் தாள் கேஸ் கட்டிலேயே இருந்தது. ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் ரஞ்சித் எப்போதோ வழக்கிலிருந்து வெளியே வந்திருப்பான். அழிந்துபோன பதிவு அவனைக் காப்பாற்றுவதற்கு வேண்டியதே இல்லை; ஜூட்டைப் பிடிப்பதற்கு மட்டும்தான் வேண்டியிருந்தது.

"அப்ப இரவு ஏழு நாற்பதுக்கு அந்த முகவரியில் இருந்தது யார்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அவர் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும்.

"லைன் என் வீட்டுக்காரர் பேர்ல இருந்துச்சுங்க. ஓடினது என் தம்பி ஜூட் வீட்ல. அவன்கிட்ட நாங்க ஃபாரம் வாங்கலை."

"அதுக்கு ஆவணம்?"

"இருந்துச்சு. அழிஞ்சுபோச்சு. அழியப் போற தேதி தெரிஞ்சும் நான் எடுத்து வைக்கலை."

"ஏன் எடுத்து வைக்கலை?"

"தம்பி மக கல்யாணம்."

மாஜிஸ்திரேட் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்தார். பிறகு எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இணைப்பு சாட்சியின் காலஞ்சென்ற கணவர் பெயரில் இருந்தது. சாட்சியின் சகோதரர் வீட்டில் பயன்படுத்தப்பட்டதாகச் சாட்சி கூறுகிறார். அதற்கு ஆவணம் இல்லை. சரியா என்று கேட்டார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

வராந்தாவில் அமலராணி டீச்சர் நின்றிருந்தார். அவரை அன்றுதான் முதல் தடவை நேரில் பார்த்தேன். ஒல்லியான ஆள், கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது.

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"ரெண்டு வருஷமா நான் அந்தப் பையனைத்தான் சபிச்சுக்கிட்டிருந்தேன். தினம் ஜெபத்துல. ஜூட் சார் அதே ஆபீஸ்ல உட்கார்ந்து என் லீவு லெட்டர்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தார்." பாட்டில் மூடியைத் திருகி இறுக்கினார். "நீங்களும் பெண்பிள்ளைதானேங்க."

அவர் படி இறங்கிப் போய்விட்டார். அம்மாசி என்னைத் தாண்டித்தான் போனார். ரஞ்சித் மட்டும் நின்று, "வரேன்ம்மா" என்றான். அந்த ஒரு வார்த்தையைவிட அவன் திட்டியிருக்கலாம்.

போன வாரம் அவனை விடுவித்துவிட்டார்கள். பயிற்சிக்கான வயது வரம்பு கடந்துவிட்டது. ஜூட்டைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆவணம் இல்லாததால் அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் லீவில் இருக்கிறான். பெலிண்டா என் போனை எடுப்பதில்லை.

பேப்பரில் நாலு வரி வந்தது. ஆபாசப் பட வழக்கில் இளைஞர் விடுவிப்பு, இணைப்பு இறந்துபோன கேபிள் உரிமையாளர் பெயரில் இருந்தது நீதிமன்றத்தில் தெரியவந்தது என்று. தம்பி வீடு என்று நான் சொன்னதை அவர்கள் போடவில்லை. ஆவணம் இல்லாததை எப்படிப் போடுவார்கள்?

அவர் ஒயர் இழுத்த தெருக்கள் வழியாகத்தான் நான் காய்கறிக்கும் கோயிலுக்கும் போகவேண்டும். நேற்றுப் பூசை முடிந்து வரும்போது பாதர் பங்களா பக்கத்தில் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். முன்னால் எங்கள் கஸ்டமர்தான்.

"பேப்பர்ல பார்த்தேங்க. பெஞ்சமின் அண்ணன் லைன்லேருந்துதானா அது?"

இதற்கு நீளமாகப் பதில் சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன், முதல் சில நாள். கேட்பவர்கள் பாதியிலேயே என் முகத்தைப் பரிதாபமாகப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். புருஷனைக் காப்பாற்றத் தம்பியைச் சொல்கிறாள் என்று நினைக்கிறார்கள்.

"ஆமாங்க" என்றேன். "லைன் அவர் பேர்லதான் இருந்துச்சு."